ஆறு வருடமாக ஒரே சம்பளம், இப்போது ஒரு புதுக் கடிதம்: கையெழுத்து வைக்கலாமா?

கல்முனையில் ஒரு புடவைக்கடையில் ஒன்பது வருடமாகக் கணக்கும் இருப்பும் பார்க்கிற பாண்டிருப்புத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சம்பளம் கடைசியாகக் கூடியது 2020இல். அடிப்படைச் சம்பளம் 20,000, வாழ்க்கைச் செலவுப்படி 5,000, சாப்பாட்டுக்கு 3,000, எல்லாம் சேர்த்து 28,000 ரூபா. காலை எட்டரைக்குக் கடைக்குள் போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே, கிழமைக்கு ஆறு நாள். கூட்டிக் கேட்டால் "வியாபாரம் இல்லை" என்பது முதலாளியின் பதில். இப்போது மேல்மாடியை மகன் பெயரில் தனி வியாபாரமாகப் பதியப் போகிறார்கள், "அங்கே கூட்டித் தருகிறோம், இந்தப் புது நியமனக் கடிதத்தில் கையெழுத்து வையுங்கள்" என்கிறார்கள். இதற்கு நடுவில் ஒரு ஆள், 20,000 தந்தால் லேபர் கந்தோரில் (தொழில் திணைக்கள அலுவலகத்தில்) பேசி முடித்துத் தருகிறேன் என்று பின்னால் திரிகிறாராம்.

தம்பி, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாறக் கூடாது. வருடா வருடம் சம்பளம் கூட்டியே ஆகவேண்டும் என்று உங்கள் முதலாளியைக் கட்டுப்படுத்தும் சட்டம் இலங்கையில் இல்லை. நியமனக் கடிதத்தில் வருடாந்த ஏற்றம் என்று எழுதியிருந்தால் கேட்கலாம். இல்லாவிட்டால் "ஆறு வருடமாகக் கூட்டவில்லை" என்ற ஒற்றை வரியோடு லேபர் கந்தோருக்குப் போகிறவரை அங்குள்ள உத்தியோகத்தர் அனுதாபத்தோடு பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பலர் இங்கேதான் மனம் விட்டுப்போகிறார்கள். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்ட ஏறிய நாட்டில், விலைவாசிக்கு ஏற்பச் சம்பளம் ஏறவேண்டும் என்று ஒரு வரி எழுதி வைக்க யாருக்கும் மனம் வரவில்லை, அதை என்ன சொல்ல.

ஆனால் கூட்டாத சம்பளத்துக்குப் பின்னால் அநேகமாகக் கொடுக்காத சம்பளம் இருக்கும். நீங்கள் கேட்கவேண்டியது அதை.

தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. உங்களுக்கு எல்லாப் படியும் சேர்த்தே 28,000 என்றால் அது கஞ்சத்தனம் இல்லை, சட்ட மீறல். ஜனவரியிலிருந்து மாதம் குறைந்தது 2,000 ரூபா உங்களுக்கு வரவேண்டி நிற்கிறது. "வியாபாரம் இல்லை" என்பது இதற்குப் பதில் ஆகாது.

அடுத்தது ஓவர்டைம். இதில்தான் பெரிய காசு, இதைத்தான் யாரும் கேட்பதில்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் வேலை என்றால் ஒன்றரை மடங்கு. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தாலும் நீங்கள் நாளுக்கு 11, கிழமைக்கு 66 மணித்தியாலம் நிற்கிறீர்கள். 30,000ஐ மாத மணித்தியாலக் கணக்கான 240ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 125, ஒன்றரை மடங்கு 187.50. கூடுதலான 21 மணித்தியாலத்துக்குக் கிழமைக்கு 3,937.50, நாலு கிழமைக்கு 15,750 ரூபா. முதலாளியிடம் தலையைச் சொறிந்துகொண்டு எவ்வளவு கூட்டிக் கேட்டீர்கள், ஐயாயிரமா? (கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் முதலாளி ஓவர்டைம் வேலை வாங்கவே கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. பெருநாள் காலத்தில் கல்முனைக் கடைத்தெருவில் போய் இதை வாசித்துக் காட்டினால் சிரிப்பார்கள்.)

மூன்றாவது ஈபிஎப், அதாவது ஊழியர் சேமலாப நிதி. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம், ஈரிஎப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதிக்கு) அவர் இன்னும் 3 வீதம். சம்பளத்தை அடிப்படை, படி என்று துண்டு துண்டாக வெட்டி எழுதுவதே பெரும்பாலும் இதற்காகத்தான். ஆனால் வாழ்க்கைச் செலவுப்படிக்கும் சாப்பாட்டுப் படிக்கும் சேர்த்தே ஈபிஎப் கட்டவேண்டும். 20,000க்கு மட்டும் கட்டியிருந்தால், மீதி 8,000க்கு முதலாளி பங்கு மட்டும் மாதம் 960 ரூபா போயிருக்கிறது. உங்கள் ஈபிஎப் இருப்புக் கூற்றை எடுத்துப் பாருங்கள். பலருக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி காத்திருக்கும், சம்பளத்தில் வெட்டிய 8 வீதமே போய்ச் சேர்ந்திருக்காது.

இனி அந்தப் புதுக் கடிதம். இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

ஐந்து வருடம் முடித்த ஊழியர் வேலையை விட்டால், தானாக விலகினாலும் சரி, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு, 1983ஆம் ஆண்டின் சட்டம். கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு, அதனால் சம்பளம் தேங்கினால் பணிக்கொடையும் தேங்கும். 30,000க்கு ஒன்பது வருடம் என்றால் 135,000 ரூபா. முப்பது நாளுக்குள் தரவேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணமும் சேரும். இந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது: வேலை முடிவதற்கு முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாளாவது 15 பேர் வேலை செய்திருக்கவேண்டும். கடையில் 17 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். கீழ்மாடி தகப்பன் பெயரில் 9 பேர், மேல்மாடி மகன் பெயரில் 8 பேர் என்று பிரிந்தால் இரண்டுமே 15க்குக் கீழே. முதலாளி இதை நினைத்துத்தான் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை, அவருடைய கணக்காளர் நினைத்திருப்பார். ஒரே முதலாளிக்கு இரண்டு கிளை இருந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் எண்ணவேண்டும், கிளை கிளையாக அல்ல. பெயர் மாறிவிட்டால் அதையே நீங்கள் நிரூபிக்கவேண்டி வரும். சரி, 15க்குக் கீழே போய்விட்டால் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அப்போது வேலைப் பிணக்குகளை விசாரிக்கிற தொழில் நியாய சபைக்குப் போய்ப் பணிக்கொடை கேட்கலாம், ஆனால் வேலை முடிந்து ஆறு மாதத்துக்குள். அங்கே வருடத்துக்கு அரை மாதம் என்ற நேர்க்கணக்கு இல்லை, நியாயம் எது என்று சபை தீர்மானிக்கும். மூன்றாவது தவணைக்கும் முதலாளிக்குக் காய்ச்சல் வரும், நாலாவது தவணைக்கு அவருடைய சட்டத்தரணிக்கு வேறு வழக்கு இருக்கும். ஆறு மாதம் தாண்டினால் உங்களுக்குக் கதவு மூடும், அவர்கள் எத்தனை வருடம் இழுத்தாலும் எந்தக் கதவும் மூடாது.

ஆகவே கடிதத்தில் "2026இல் புதிதாக நியமிக்கப்படுகிறார்" என்ற பொருளில் வரி இருந்தால் கையெழுத்து வைக்கவேண்டாம். முந்திய ஒன்பது வருடச் சேவை தொடர்ச்சியாகக் கணிக்கப்படும் என்று எழுத்தில் கேளுங்கள், அல்லது பழைய கணக்கைத் தீர்த்துப் பணிக்கொடையைக் கையில் தரச் சொல்லுங்கள். "சும்மா ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதித் தாங்க தம்பி, பைலுக்கு" என்று அன்பாகக் கேட்பார்கள். அன்புக்கு மயங்கவேண்டாம்.

பின்னால் திரிகிற ஆளைப் பற்றி. லேபர் கந்தோரில் முறைப்பாடு கொடுக்க ஒரு சதமும் தேவையில்லை. ஆள் பிடிக்கவும் தேவையில்லை, தேவை அடையாள அட்டையும் தாள்களும். இந்த ஆட்கள் வாங்குகிற காசுக்குச் செய்வது உங்கள் முறைப்பாட்டை எழுதிக் கொடுப்பது, மறுகா அதே காகிதத்தின் பிரதியோடு முதலாளியிடம் போய் அங்கேயும் வாங்குவது. ஈபிஎப் எடுத்துத் தருகிறேன் என்கிறவர்களும் இதே ரகம். வெறுத்துப்போய்க் கட்டாருக்கோ சவூதிக்கோ போகலாம் என்று யோசிக்கிற நேரம் பார்த்து விசாவோடு வருகிறவர்கள் இன்னும் மோசம்: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து அனுமதிப்பத்திரம் உள்ள முகவரா என்று கேட்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். சட்ட உதவி வேண்டுமென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் நிலையங்கள் உண்டு.

நெல் ஆலை, பேக்கரி, அச்சகம், ஹோட்டல் வேலைக்காரருக்குத் துறைக்குத் துறை சம்பளம் தீர்மானிக்கிற சம்பளச் சபைகள் தனியாக இருக்கின்றன, அரச ஊழியருக்குத் தாபனக் கோவை என்ற விதிப் புத்தகம். அவர்கள் இந்தக் கணக்கை அப்படியே தங்களுக்குப் போட்டுப் பார்க்கவேண்டாம்.

வேலை போய்விடுமா என்ற பயம்தான் நீங்கள் எனக்கு எழுதிய கடிதம் முழுக்க. 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், உங்கள் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. கடை இரண்டாகப் பிரிவதற்கு முன்பே நடவடிக்கை எடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகவும்தான். ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் பதியலாம், 17இல் ஏழு என்பது 40 வீதத்தைத் தாண்டும், அப்படியானால் பேசவேண்டிய கடமை முதலாளிக்கு வந்துவிடும். புடவைக்கடையில் ஏழு பேர் ஒன்றாக நிற்பார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

முதலில் முதலாளிக்கே ஒரு கடிதம் எழுதுங்கள், சண்டை இல்லாமல்: சேர்ந்த திகதி, கடைசியாகக் கூடிய வருடம், 30,000, வேலை நேரம். பிரதியில் கையெழுத்து வாங்குங்கள், தராவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நோன்புப் பெருநாளுக்கும் சித்திரைக்கும் முன் கொடுத்தால் நல்லது, அந்த நேரம் இருப்புக் கணக்குத் தெரிந்த ஆளை விட எந்த முதலாளிக்கும் துணிவு வராது. இந்தத் தடவை புதுக் கடிதம் மேசையில் இருப்பதால் பெருநாளுக்குக் காத்திருக்க முடியாது, இந்தக் கிழமையே கொடுங்கள். இரண்டு கிழமையில் பதில் இல்லையென்றால் சம்பளத் துண்டுகள், ஈபிஎப் கூற்று, வந்துபோன நேரம் எழுதிய கொப்பி, முதலாளி இரவில் அனுப்பிய வட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்துக்கொண்டு லேபர் கந்தோருக்குப் போங்கள். மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்கவேண்டாம், உத்தியோகத்தர் கேட்டாலும் காட்டிவிட்டுத் திருப்பி வாங்குங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்காமல் படியிறங்க வேண்டாம், அது இல்லாவிட்டால் அடுத்த முறை போகும்போது உங்கள் பைலைத் தேடும் வேலையும் உங்களுடையதுதான்.