'நயம் உளுந்து' யாருக்குச் சொந்தம்?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் அம்மா காலத்திலிருந்து அப்பளம் போடுகிறோம். 8 வருடமாக 'நயம் உளுந்து அப்பளம்' என்று கவர் அடித்து விற்கிறோம். இப்போது அடுத்த தெருக்காரரும் அதே பெயரில் விற்கிறார். ட்ரேட்மார்க் வாங்கி அவரை நிறுத்த முடியுமா?

பதில்: அண்ணாச்சி, அந்த வார்த்தைகளை மட்டும் வைத்து அவரை நிறுத்துவது ரொம்பக் கஷ்டம். பணத்தைக் கட்டிய பிறகு இது தெரிய வேண்டாம் என்றுதான் முதலிலேயே சொல்கிறேன்.

1999-ம் வருட ட்ரேட்மார்க் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, ஒரு சரக்கின் வகை, தரம், அளவு, உபயோகம், ஊர் இவற்றை மட்டும் சொல்கிற வார்த்தையை யாரும் தன் பெயருக்குப் பதிந்துகொள்ள முடியாது. உங்கள் கவரைப் பாருங்கள். நயம் என்பது தரம், உளுந்து என்பது மாவு, அப்பளம் என்பது சரக்கேதான். முன்னால் 'கல்லிடை' சேர்த்தாலும் ஊர்ப்பெயர்தான் கூடும். தமிழில் இருப்பதால் தப்பித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், விண்ணப்பத்திலேயே அதன் அர்த்தத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

பெரிய கம்பெனிகளுக்கும் இதுதான் நிலை. நூடுல்ஸ் பாக்கெட்டில் 'மேஜிக் மசாலா' என்று போட்ட ஐ.டி.சி., 'மேஜிக்கல் மசாலா' என்று போட்ட நெஸ்லே மீது வழக்குப் போட்டது. மேஜிக் என்பது சரக்கைப் புகழ எல்லோரும் போடுகிற பொது வார்த்தை, அதை ஒருவர் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது என்று 2020-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. விண்ணப்பம் போடும் தேதிக்கு முன்பே, அந்தப் பெயரைச் சொன்னாலே ஜனங்களுக்கு உங்கள் அப்பளம்தான் ஞாபகம் வரும் என்று நிரூபித்தால் பதியலாம். அதற்குப் பழைய பில், விளம்பரம், வருடா வருடம் விற்ற கணக்கு எல்லாம் வேண்டும். ஆனால் நம் பக்கத்து மளிகைக் கடையில் எண்ணெய்க்கும் நயம், பருப்புக்கும் நயம் என்றுதான் சொல்கிறோம், அதனால் இதை நம்பி நீங்கள் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

லேபிளாகப் பதிந்து தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் கவனம். படமும் எழுத்தும் சேர்ந்த முழு லேபிளுக்குத்தான் உரிமை கிடைக்கும், உள்ளே இருக்கிற 'நயம் உளுந்து' அப்போதும் எல்லோருக்கும் பொதுதான்.

சரி, என்ன செய்யலாம்? அப்பளத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு வார்த்தையைப் பிடியுங்கள். ஆப்பிள் என்று பழக்கடைக்காரர் பதிய முடியாது, கம்ப்யூட்டர்காரர் பதிந்தார். ஒட்டகமோ ஊஞ்சலோ நீங்களாகக் கட்டிய ஒரு சொல்லோ, எதுவானாலும் சரி. உங்கள் வீட்டு ஆச்சியின் சொந்தப் பெயரையும் வைக்கலாம், ஆனால் அதே பெயருள்ள இன்னொருவர் நாணயமாகத் தன் பெயரைப் போட்டு விற்றால் தடுக்க முடியாது. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகைச் சரக்குக்கு 4,500 ரூபாய். ட்ரேட்மார்க் அலுவலகம் வெளியிடும் ஜர்னலில் உங்கள் விண்ணப்பம் வெளியான பிறகு 4 மாதம் வரை மற்றவர்கள் ஆட்சேபிக்கலாம். பதிவு கிடைத்தால் 10 வருடம், அப்புறம் புதுப்பித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, அடுத்த தெருக்காரரின் கவரை வாங்கி உங்களுடையதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம், படம், எழுத்து எல்லாமே உங்களுடையது மாதிரி இருந்து, வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள் என்றால், பதிவு இல்லாமலே வழக்குப் போட இடமிருக்கிறது. அப்படியிருந்தால் இரண்டு கவரையும், வாங்கிய பில்லையும், உங்கள் 8 வருடக் கணக்கையும் எடுத்துக்கொண்டு திருநெல்வேலியில் ஒரு வக்கீலைப் பாருங்கள். புதுப் பெயர் முடிவானதும், யாராவது முன்பே பதிந்திருக்கிறார்களா என்று ட்ரேட்மார்க் இணையதளத்தில் காசில்லாமல் தேடிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கவர் அச்சடிக்கக் கொடுங்கள்.