விண்கலத்தை நிறுத்துவது – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பெங்களூரு ஹலசூரில் இருக்கிறேன். வயது 47. ஸ்கூட்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். ஆறு மாதமாக மகனுடைய கம்ப்யூட்டரில் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்கிற விண்வெளி விளையாட்டை ஆடுகிறேன். ராக்கெட் கட்டுவது, சுற்றுப்பாதைக்கு ஏற்றுவது எல்லாம் வந்துவிட்டது. நிறுத்துவதுதான் வரவில்லை. மேலே ஒரு விண்நிலையம் கட்டி விட்டிருக்கிறேன். அதை நோக்கிப் போனால் ஒன்று விருட்டென்று தாண்டிப் போய்விடுகிறேன், இல்லையென்றால் பயந்துபோய் இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிடுகிறேன். போன வாரம் நிலையத்தின் சோலார் தகடுகளை இடித்துப் பிய்த்துவிட்டேன். மகன் சாதாரணமாகக் கொண்டுபோய் இணைக்கிறான். எப்படி என்று கேட்டால் "அது தானா வரும்ப்பா" என்கிறான். எனக்கு வரவில்லை. இத்தனைக்கும் 28 வருடமாக வண்டி ஓட்டுகிற கை. இந்த வயதுக்கு மேல் படியாத விஷயமா இது? நீங்களும் ஆடுவதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

வயதை விட்டுவிடுங்கள். காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்: 28 வருடமாக வண்டி ஓட்டுகிற கை.

சாலையில் நிறுத்தும் வேலையில் பாதியைச் சாலையே செய்துவிடுகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் டயர் பிடிக்கிறது, எதிர்க்காற்று பிடிக்கிறது, என்ஜினே பிடிக்கிறது. சில்க் போர்டு சிக்னல் தூரத்தில் தெரியும்போதே பஸ் டிரைவர் காலை எடுத்துவிடுவார். பிரேக் கடைசியில் கொஞ்சம்தான். இந்தக் கணக்கு கைக்குள் ஊறிப்போய் இருக்கிறது. விண்வெளியில் பிடித்து நிறுத்த ஒன்றுமே இல்லை. 40 வினாடி என்ஜினை எரித்துச் சேர்த்த வேகத்தை, ஏறக்குறைய அதே 40 வினாடி எதிர்ப்பக்கம் எரித்துத்தான் கழிக்க முடியும். உங்கள் கை இன்னும் சாலையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது.

இது உங்களுக்கு மட்டும் நேர்வதில்லை. 1965 ஜூனில் ஜெமினி 4 விண்கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட் தேர்ந்த சோதனை விமானி. தன்னை ஏற்றிவிட்ட ராக்கெட்டின் மேலடுக்கு கண்ணெதிரே மிதந்தது. அதன் அருகே போய்ச் சேர்வதுதான் வேலை. விமானத்தில் செய்வதுபோல அதைப் பார்த்து நேராகத் தள்ளினார். அது விலகிக்கொண்டே போனது. எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம், முயற்சியைக் கைவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வால்டர் ஷிரா ஜெமினி 6ஏ கலத்தை ஜெமினி 7க்குப் பக்கத்தில், ஓர் அடி தூரம்வரை கொண்டுபோய் நிறுத்தினார். இடையில் இருந்தது ஆறு மாதம். சுற்றுப்பாதைக் கணக்கும் பயிற்சியும்தான் அந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்தன. (ஆட்டத்தில் நிலையத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால் நேர்கோட்டில் போவதாகவே வைத்துக்கொள்ளலாம். பெரிய பிழை வராது.)

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். திரையின் கீழே உள்ள உருண்டைக்கு மேல் வேகம் காட்டும் பெட்டி 'ஆர்பிட்' என்கிறதா, 'டார்கெட்' என்கிறதா? உங்கள் நிலையம் வினாடிக்கு 2,200 மீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. நிற்பது என்றால் அதோடு சேர்ந்து ஓடுவதுதான். பெட்டி 'ஆர்பிட்'டில் இருக்கும்போது பின்திசைக் குறியை (போகும் திசைக்கு நேர் எதிரைக் காட்டுவது) பிடித்து எரித்தால், நிலையத்தை விட்டுவிட்டுக் கீழே கோளை நோக்கி விழ ஆரம்பிப்பீர்கள். அந்தப் பெட்டியைச் சொடுக்கினால் மாறும். நான் இணைக்கப் போகும் ஒவ்வொரு முறையும் இதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அடுத்தது ஒரு நோட்டு. தாண்டிப் போவதும் முன்னாலேயே நிற்பதும் உங்களுக்கு இரண்டு குறைகளாகத் தெரிகின்றன. எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது: உங்கள் பிரேக்கின் பலம் உங்களுக்குத் தெரியாது. ஆளில்லாத இடத்தில் பத்து வினாடி முழு விசையில் எரித்துப் பாருங்கள். வேகம் 50 கூடினால் உங்கள் கலம் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தைக் கூட்டும், அதே அளவு குறைக்கவும் செய்யும். இப்போது 100 மீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்றால் நிற்க 20 வினாடி ஆகும், 1,000 மீட்டர் தூரம் பிடிக்கும். 200 மீட்டர் வேகம் என்றால்? 40 வினாடி, ஆனால் 4,000 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. உங்களை விருட்டென்று தாண்ட வைப்பது இந்த நான்கு மடங்குதான். வேகத்தை வேகத்தால் பெருக்கி, பிரேக்கின் இரண்டு மடங்கால் வகுத்தால் தூரம் வந்துவிடும். கடையில் பில் போடுகிற உங்களுக்கு இது ஒரு கணக்கே இல்லை.

இதில் பலரும் விடுகிற ஒன்று, கலத்தைத் திருப்பும் நேரம். பெரிய கலம் முன்னும் பின்னுமாகத் திரும்ப 12 வினாடி எடுக்கும் என்று வையுங்கள். 200 மீட்டர் வேகத்தில் அந்த 12 வினாடியில் 2,400 மீட்டர் போய்விடும், ஒரு துளி வேகம்கூடக் குறையாமல். அதனால் நிலையம் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சரி, வேகம் எடுத்து முடித்த கையோடு கலத்தைத் திருப்பி வைத்துவிட வேண்டும். அப்புறம் பின்பக்கம் காட்டியபடியே பயணம் செய்து, கணக்குப் போட்ட தூரம் வந்ததும் எரிக்கலாம். முழு விசையில் எரிக்க வேண்டாம், முக்கால் போதும்; ஆனால் தூரக் கணக்கிலும் பிரேக்கை முக்காலாகவே (5 என்றால் 3.75) வையுங்கள். எரிபொருள் குறையக் குறையக் கலம் லேசாகி, பிரேக் கூடிக்கொண்டே போகும்.

பிரேக் கூடுவதும் ஆபத்துதான். 2019 செப்டம்பர் 7 அதிகாலை இந்த ஊரில் என்னைப் போலப் பலரும் தூங்காமல் விழித்திருந்தோம். சந்திரயான்-2இன் விக்ரம் சந்திரனில் இறங்கவில்லை, விழுந்தது. அதற்கு இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் 2023ல் சொன்ன விளக்கத்தில் முதல் காரணம், ஐந்து என்ஜின்களும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தள்ளின என்பது. அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் நான் ஒவ்வொரு கலத்துக்கும் தனியாக அளந்து எழுதும் பழக்கத்துக்கு வந்தேன். கலத்தில் ஒரு தொட்டியைக் கூட்டினால் மறுபடி அளக்கிறேன்.

எரிக்கும்போது பின்திசைக் குறி நிலையத்துக்கு நேர் எதிரே இல்லாமல் தள்ளிப் போயிருக்கும். சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டிக்கொண்டு ஓடியிருப்பீர்களே, அதுதான் இங்கே உதவும். கலத்தின் மூக்கு குச்சி, பின்திசைக் குறி டயர். டயர் இடதுபக்கம் போக வேண்டுமென்றால் குச்சியை அதற்கு வலதுபக்கம் வைக்க வேண்டும். எரிய எரியக் குறி மூக்கை விட்டு விலகி நகரும். இரண்டு மூன்று முறை செய்தால் பிடிபட்டுவிடும்.

இனி கடைசி 500 மீட்டர். 500 மீட்டரில் வேகம் 5, 100 மீட்டரில் 1, 20 மீட்டரில் 0.2. இதற்கு மேல் போகாதீர்கள். நான்கைந்து நிமிடம் ஆகும், ஆகட்டும். வேகம் 2க்குக் கீழே வந்ததும் பின்திசையைத் தானாகப் பிடிக்கும் வசதியை அணைத்துவிட்டு, வெறும் நிலைநிறுத்தலில் வையுங்கள். சுழியை நெருங்கும்போது குறி உருண்டையின் மறுபக்கம் தாவும், கலமும் அதைத் துரத்திக்கொண்டு புரளும். உங்கள் சோலார் தகடுகள் அப்படித்தான் போயிருக்கும் என்பது என் ஊகம்.

பெரிய என்ஜினை எக்ஸ் தட்டி முழுதாக அணைத்துவிட்டு, ஆர்சிஎஸ் சிறு உந்திகளுக்கு வாருங்கள். இணைப்பு வாய் நிலையத்தைப் பார்க்கும்படி கலத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கேப்ஸ் லாக்கைத் தட்டினால் உந்திகள் மென்மையாக வேலை செய்யும். H விசை முன்னே, N விசை பின்னே. ஒரு தட்டு தட்டுங்கள், கையை எடுங்கள், எண்ணைப் பாருங்கள். 0.3. மறுபடி N ஒரு தட்டு. 0.2. வெள்ளைப் புகை ஒரு கணம் சீறி அடங்கும். விசையை அழுத்திப் பிடித்தால் கெட்டது. சாலைக்குப் பழகிய கை பிரேக்கை அழுத்திப் பிடிக்கவே பார்க்கும். இங்கே எறும்புக்குச் சர்க்கரை வைப்பதுபோல வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்று மீட்டரில் எதையும் தொடாதீர்கள். இணைப்பு வாய்களில் காந்தம் இருக்கிறது, கடைசியில் அதுவே இழுத்துக்கொள்ளும்.

இப்படி ஊர்வது ஆட்டக்காரரின் பயம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து பீன்யா எவ்வளவு தூரம்? அங்கே இருக்கும் இஸ்ரோவின் இஸ்ட்ராக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்துதான், விண்வெளியில் இணைத்துப் பார்க்க அனுப்பிய இரண்டு ஸ்பேடெக்ஸ் கலங்களைக் கட்டுப்படுத்தினார்கள். ஒவ்வொன்றும் 220 கிலோ. 2024 டிசம்பர் 30 அன்று ஏவி, 2025 ஜனவரி 12 அன்று 15 மீட்டருக்குக் கொண்டுவந்து, பிறகு 3 மீட்டருக்குக் கொண்டுவந்து, இணைக்காமல் பாதுகாப்பான தூரத்துக்குப் பின்வாங்கினார்கள். தரவுகளைப் பார்த்துவிட்டு ஜனவரி 16 அன்றுதான் இணைத்தார்கள். மூன்று மீட்டர் வரை போனபிறகு திரும்பி வருவதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும்! எனக்கு அந்தப் பின்வாங்கல், இணைந்த செய்தியைவிடவும் பெரிதாகப் பட்டது. நீங்களும் வரிசை கோணலாகத் தெரிந்தால் N விசையைத் தட்டிப் பின்னால் வந்துவிடுங்கள்.

சந்திரனில் இறங்குவது தனிக் கதை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆட்டத்தில் 'முன்' (Mun) என்று பெயர் வைத்திருக்கிற அந்தச் சந்திரன், கீழே விழும் உங்கள் வேகத்தை ஒவ்வொரு வினாடியும் 1.63 மீட்டர் கூட்டும். உங்கள் 5ல் அது போக மிச்சம் 3.4தான். நேர்கீழாக 100 மீட்டர் வேகத்தில் வந்தால் நிற்க 1,000 மீட்டர் போதாது, கிட்டத்தட்ட 1,500 வேண்டும். இணைப்பு கைவந்தபின் எழுதுங்கள், விரிவாகப் பேசலாம்.

மகன் சொன்னதும் பொய் இல்லை. அவனுக்குச் சாலை பழகுவதற்கு முன்னாலேயே இது பழகிவிட்டது. ஒருநாள் அவன் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தூரத்தில் எந்த வேகத்தில் போகிறான் என்று மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அவனே சொல்லத் தெரியாத கணக்கு உங்கள் நோட்டில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்தபிறகு நிலையத்துக்குப் போகாமல், அதிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்க மட்டும் பத்து முறை முயலுங்கள். ஒவ்வொரு முறையும் எங்கே நின்றீர்கள், எத்தனை மீட்டர் கூட, எத்தனை மீட்டர் குறைவு என்று எழுதி, கலம் வினாடிக்கு எவ்வளவு வேகம் குறைக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.