ஸ்வீடன் கோல்ஃப் வீரர் ஹென்ரிக் ஸ்டென்சன் இரண்டு முறை விழுந்து எழுந்தது எப்படி? அவருடைய த்ரீ வுட் கதை உண்மையா?

குழியின் முதல் அடிக்கு, நீண்ட தூர மட்டையான டிரைவரை விட்டு, அதைவிடக் குட்டையான த்ரீ வுட் மட்டையையே அவர் நம்பினார் என்ற கதை உண்மைதான். ஆனால் அது இரண்டாவது மீட்சிக்குத்தான் பொருந்தும். முதல் முறை அவரைத் தூக்கி நிறுத்தியது ஸ்விங், அதாவது மட்டையை வீசும் முறையில் செய்த திருத்தம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பலரும் எழுதுகிறார்கள்.

ஸ்டென்சன் 1976-இல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் பிறந்தவர். 1998-இல் தொழில்முறைக்கு மாறினார். 2000-இல் ஐரோப்பாவின் இரண்டாம் அடுக்கான சேலஞ்ச் டூரில் பரிசுப்பணப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். 2001 மே மாதம் இங்கிலாந்தின் பெல்ஃப்ரி மைதானத்தில் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் இன்டர்நேஷனல் ஓபனை ஜெயித்தார். அதோடு பெரிய ஆள் ஆகிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அதே கோடையில், அயர்லாந்தின் கே கிளப்பில் நடந்த ஐரோப்பிய ஓபனில், ஒன்பது குழி ஆடிவிட்டுப் பாதியிலேயே வெளியேறினார். டிரைவரை எடுத்தால் பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியவில்லை. 2003-இல் உலகத் தரவரிசையில் 621-ஆம் இடம் வரை இறங்கினார்.

இந்தக் கோளாறு ஏன் இவ்வளவு ஆபத்தானது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பந்து எப்போதும் வலப்பக்கமே தப்புகிறது என்றால் ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் அதைச் சமாளித்துவிடுவார். ஃபேர்வேயின், அதாவது குழிக்குப் போகும் வெட்டிய புல்பாதையின், இடது ஓரத்தைக் குறிவைத்தால் போதும், முழு அகலமும் தப்புக்கு இடம் கொடுக்கும். ஒரு அடி வலப்பக்கமும் அடுத்த அடி இடப்பக்கமும் போகிறது என்றால் குறிவைக்கவே இடமில்லை. முப்பது கெஜ ஃபேர்வே பாதியாகச் சுருங்கிவிடும். இன்ஸ்விங் போகுமா, அவுட்ஸ்விங் போகுமா என்று பந்துவீச்சாளருக்கே தெரியாவிட்டால் ஃபீல்டிங்கை எப்படி நிறுத்துவது? அதே நிலைதான்.

உயரமும் வலுவும் உள்ள வேக ஆட்டக்காரர்களுக்கு இது வருவதற்கு ஒரு வழக்கமான காரணம் உண்டு. கீழிறங்கும் ஸ்விங்கில் இடுப்பு முந்திச் சுழன்றுவிடும், கைகள் உடம்புக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். கை எட்டிப் பிடிக்காவிட்டால் கிளப் (மட்டை) முகம் திறந்தபடியே பந்தைத் தொடும், பந்து நேராக வலப்பக்கம் போகும். இதை உணர்ந்து மணிக்கட்டை அவசரமாகத் திருப்பினால் முகம் மூடிக்கொள்ளும், பந்து சட்டென்று இடப்பக்கம் வளையும். இரண்டு தப்புக்கும் வேர் ஒன்றே. மணிக்கட்டை மட்டும் திருத்தப் பார்த்தால் எதுவும் நடக்காது. இங்கிலாந்துப் பயிற்சியாளர் பீட் கவனிடம் போய், ஸ்விங்கை அடியிலிருந்து கட்டினார் ஸ்டென்சன். அடுத்த பட்டம் 2004-இல்தான் வந்தது. மூன்று வருடம் என்பது இந்தத் தொழிலில் ரொம்ப நீளம். பலர் அதற்குள் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள்.

அதன்பிறகு ஏறுமுகம். ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பையில், 2006-இல் ஐரோப்பாவின் வெற்றிப் புள்ளியைப் பெற்றுத் தந்தது அவருடைய பட் (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் அடி) தான். இடம், ஐந்து வருடம் முன்பு பாதியில் விட்டுப்போன அதே கே கிளப். 2007-இல் உலக மேட்ச் பிளே இறுதியில் ஜெஃப் ஓகில்வியை வீழ்த்தினார். 2009 மே மாதம் சாக்ராஸில் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப், கடைசிச் சுற்றில் 66 அடித்து நான்கு ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில் வெற்றி. (அதற்கு இரண்டு மாதம் முன்பு டோரலில், சேற்றில் கிடந்த பந்தை அடிக்க உடையைக் கழற்றி உள்ளாடையுடன் இறங்கினாரே, அந்தப் புகைப்படம்தான் பலருக்கு அவரைப் பற்றித் தெரிந்த ஒரே விஷயம். உடை பாழாகும், அவ்வளவுதான் காரணம்.)

இரண்டாவது சரிவுக்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது. 2009-இல் ஸ்டான்ஃபோர்ட் நிதி மோசடி வெளியானபோது அதில் போட்டிருந்த பெருந்தொகை போயிற்று. ஆட்டமும் மெல்லத் தேய்ந்தது. 2012 தொடக்கத்தில் தரவரிசையில் 230-ஐ ஒட்டி நின்றார். அந்த ஆண்டு இறுதியில் தென்னாப்பிரிக்க ஓபனை ஜெயித்ததும், 2013-இல் வெள்ளமாக வந்தது: மியர்ஃபீல்டில் நடந்த ஓபனில் (பிரிட்டிஷ் ஓபன்) இரண்டாம் இடம், பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் மூன்றாம் இடம், பிறகு டாய்ச்ச பேங்க் பட்டம், டூர் சாம்பியன்ஷிப், அதோடு ஒரு கோடி டாலர் ஃபெடெக்ஸ் கோப்பை. நவம்பரில் துபாயில் 25 அண்டர் (பார் எனும் நிர்ணயித்த அடிகளைவிட 25 குறைவு) அடித்து ஆறு ஸ்ட்ரோக்கில் ஜெயித்து ஐரோப்பிய டூரின் ‘ரேஸ் டு துபாய்’ பட்டத்தையும் எடுத்தார். ஒரே சீசனில் அமெரிக்க டூரின் ஃபெடெக்ஸ் கோப்பை, ஐரோப்பிய டூரின் ரேஸ் டு துபாய் இரண்டையும் சேர்த்து வென்ற முதல் ஆள் அவர்தான். என் கணக்கில், 2016-இல் ட்ரூன் மைதானத்தில் ஓபனை வென்றதைவிட இந்த 2013 தான் பெரிய சாதனை. ஆனால் சரித்திரம் ட்ரூனைத்தான் நினைவில் வைத்திருக்கிறது, அதிலும் நியாயம் உண்டு.

2016 ஓபன், ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன், பார் 71. கடைசி நாள் தொடங்கும்போது ஸ்டென்சன் 12 அண்டர், ஃபில் மிக்கெல்சன் 11 அண்டர். முதல் குழியிலேயே ஸ்டென்சன் மூன்று பட் போட்டு போகி (பாரைவிட ஓர் அடி கூடுதல்) வாங்கினார், மிக்கெல்சன் பர்டி (ஓர் அடி குறைவு) போட்டார். முன்னிலை கைமாறியது. பதற்றத்துக்கு இடமே கொடுக்காமல் 2, 3, 4 மூன்றிலும் ஸ்டென்சன் பர்டி. மிக்கெல்சன் நான்காவதில் ஈகிள் (இரண்டு அடி குறைவு) போட்டுச் சமன் செய்தார். ஆறாவதில் இருவருமே பர்டி. ‘தபால் தலை’ என்று பெயர்பெற்ற எட்டாவது சின்னக் குழியில் ஸ்டென்சனுக்கு ஒரு பர்டி, பத்தாவதில் மறுபடி இருவருக்கும். பதினொன்றில் ஸ்டென்சன் போகி, மீண்டும் சமன். ஆட்டத்தைத் திருப்பியது 14, 15, 16: மூன்றிலும் பர்டி. பதினைந்தாவதில் கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரைக்கு) வெளியே இருந்து ஏறத்தாழ ஐம்பது அடி தூரம் உருட்டிய பட் உள்ளே போனது. பதினெட்டில் இன்னொரு பர்டி.

பத்து பர்டி, இரண்டு போகி, மொத்தம் 63. நான்கு நாளில் 264, அதாவது 20 அண்டர். அதுவரை எந்த மேஜரிலும் (ஆண்களுக்கு ஆண்டின் நான்கு தலையாய போட்டிகள்) யாரும் 264-க்கு வந்ததில்லை. மிக்கெல்சன் கடைசி நாளில் போகியே இல்லாமல் 65 அடித்து 267-இல் முடித்தார். அது 1993-இல் கிரெக் நார்மன் வைத்திருந்த ஓபன் சாதனைக்குச் சமம், அப்படியும் மூன்று ஸ்ட்ரோக்கில் தோற்றார். மூன்றாவதாக வந்த ஜே.பி. ஹோம்ஸ் ஸ்டென்சனுக்கு 14 ஸ்ட்ரோக் பின்னால். 1977-இல் அருகிலுள்ள டர்ன்பெர்ரியில் டாம் வாட்சனோடு மோதிய ஜாக் நிக்லாஸே, தங்கள் கடைசிச் சுற்றைவிட இது மேல் என்று ஒப்புக்கொண்டார்.

ஸ்வீடனுக்கு அந்த வெற்றி எவ்வளவு பெரிது என்பதற்கு யெஸ்பர் பார்னெவிக்கைப் பார்க்க வேண்டும். 1994-இல் டர்ன்பெர்ரியில் ஒரு ஸ்ட்ரோக்கில் தவறவிட்டார், 1997-இல் இதே ட்ரூனில் கடைசிச் சுற்றுக்கு முன்னிலையோடு போய்த் தோற்றார். பெண்களில் லிசலோட்டே நாய்மன் 1988-லேயே மேஜர் வென்றுவிட்டார், அன்னிகா சோரன்ஸ்டாம் பத்து வென்றார். ஸ்வீடன் ஆண்களுக்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ட்ரூனுக்கு அடுத்த மாதம் ரியோ ஒலிம்பிக்கில் ஜஸ்டின் ரோஸுக்குப் பின்னால் வெள்ளி. 2022 மார்ச்சில் ஐரோப்பிய ரைடர் கோப்பை கேப்டன் பதவி. ஜூலையில் சவுதிப் பணத்தில் ஓடும் லிவ் தொடருக்குப் போனதால் அது பறிபோனது, லூக் டொனால்ட் வந்தார். அதே மாதக் கடைசியில் பெட்மின்ஸ்டரில் லிவ்வில் ஆடிய முதல் போட்டியையே ஜெயித்து நாற்பது லட்சம் டாலர் வாங்கினார். பணம் வந்தது, கேப்டன் பதவி போனது. எது பெரிது என்று அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

இப்போது அந்த த்ரீ வுட். கால்வே டயாப்லோ ஆக்டேன் டூர், 13 டிகிரி லாஃப்ட் (மட்டை முகத்தின் சாய்வு). உற்பத்தி நின்றபிறகும் வருடக்கணக்கில் அதையே வைத்திருந்தார். டிரைவருக்கு லாஃப்ட் குறைவு, தண்டு இரண்டு அங்குலம் போல நீளம். லாஃப்ட் கூடினால் பந்துக்குப் பின்சுழற்சி கூடும், முகம் அதே அளவு கோணினாலும் பக்கவாட்டு வளைவு குறையும். தண்டு குட்டையானால் நடு முகத்தில் படுவது சுலபம். மற்றவர்களுக்கு இதனால் முப்பது கெஜம் இழப்பு. ஸ்டென்சனின் வேகத்துக்கு அந்த த்ரீ வுட்டே 280 கெஜத்தை ஒட்டிப் போய்விடும், இரண்டாவது அடிக்கு எந்த அயர்ன் (உலோகத் தகட்டு முக மட்டை) வந்தாலும் கிரீனில் விழவைக்கும் திறமையும் இருந்தது.

இதைப் பார்த்து 13 டிகிரி வாங்கிவிடாதீர்கள். வேகம் குறைந்த ஆட்டக்காரர் புல்லிலிருந்து அதை அடித்தால் பந்து மேலே எழும்பாது, தாழப் பறந்து சீக்கிரம் விழும். 15 அல்லது 16.5 டிகிரிதான் பெரும்பாலோருக்குச் சரி, அதையும் முதலில் டீயில் (பந்தை உயர்த்தி வைக்கும் சிறு முளையில்) வைத்து அடித்துப் பழகுவது நல்லது.