நாரிப்பிடிப்பும் பக்கவாட்டு வளைவும்: கேள்வி பதில்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் நான் எடுக்கும் காலை வகுப்பில் இந்த மாதம் அதிகம் கேட்கப்பட்டது பக்கவாட்டில் வளையும் ஆசனங்களைப் பற்றித்தான். கேட்டவர்களுக்கு எல்லோருக்குமாக இங்கே பதில் சொல்கிறேன்.

கோப்பாய், தையல் வேலை செய்யும் அக்கா: ரீச்சர், பின்னேரமானால் நாரி (கீழ்முதுகு) பிடித்துவிடுகிறது. பக்கவாட்டில் வளைந்தால் சுகம் வருமா?

வரும் அக்கா. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், முதுகெலும்பின் இரு பக்கமும் சதுரமான ஒரு தசை இருக்கிறது. மெஷினில் மணிக்கணக்காகக் குனிந்து இருந்தால் அது இறுகிப் போகும். முன்னால் குனிவதால் மட்டும் அதன் இறுக்கம் முழுதாக விடாது. பக்கவாட்டில் வளையும்போதுதான் அது நன்றாக இழுபடும்.

அர்த்தகடி சக்கராசனத்தில் தொடங்குங்கள். சுவரில் பின்பக்கமும் இரண்டு தோளும் படும்படி நில்லுங்கள். மூச்சை இழுத்தபடி வலக்கையை மேலே உயர்த்தி, விரல் நுனிவரை நன்றாக நீட்டுங்கள். பிறகு மூச்சை விட்டபடி இடப்பக்கம் சாயுங்கள். இடக்கை தொடையோடு வழுகி இறங்கட்டும். ஐந்து மூச்சு நின்று, மெதுவாக நிமிர்ந்து, மற்றப் பக்கமும் செய்யுங்கள். தோள் சுவரை விட்டு முன்னால் வந்தால் நீங்கள் வளையவில்லை, குனிகிறீர்கள். முதலில் நீள வேண்டும், அப்புறம்தான் சாய வேண்டும். இதை நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வேன். நீளாமல் சாய்ந்தால் ஒரு பக்கம் நசிபடும், மற்றப் பக்கம் விரியாது.

மத்தியானம் ஒருமுறை, வேலை முடிந்ததும் ஒருமுறை செய்து பாருங்கள். சாப்பிட்ட உடனே வேண்டாம், மூன்று மணித்தியாலமாவது போகட்டும்.

மானிப்பாய், ஏ.எல். படிக்கும் தம்பி: இதைச் செய்தால் நுரையீரல் பெரிதாகுமா?

நுரையீரல் பெரிதாகாது தம்பி. அதைச் சுற்றியுள்ள கூடுதான் இளகும். நமக்கு 12 சோடி விலா எலும்புகள். அவற்றுக்கு இடையே சிறு தசைகள் இருக்கின்றன. மேசையில் கூனி இருந்து படித்தால் அவை விரிய இடமில்லாமல் மூச்சு மேலோட்டமாகவே போகும். வலப்பக்கம் நீளும்போது வலது விலாவில் இடக்கையை வைத்து, அந்தக் கைக்குள் மூச்சை அனுப்புங்கள். விலாக்கள் விசிறிபோல விரிவது கையிலேயே தெரியும். ஆஸ்துமா உள்ள சிலருக்கும் இது நெஞ்சிறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம், ஆனால் இன்ஹேலரை விட்டுவிடக் கூடாது.

சுன்னாகம், தோட்டம் செய்யும் ஐயா, வயது 68: முழங்கால் நோவு. திரிகோணாசனத்தில் (காலை அகட்டி நின்று பக்கவாட்டில் சாயும் ஆசனம்) கை நிலத்தைத் தொடாது. நான் விட்டுவிடலாமா?

விட வேண்டாம் ஐயா. கை நிலத்தைத் தொட வேண்டும் என்று கட்டாயமே இல்லை. எட்டிப் பிடிக்கப் போனால் நெஞ்சு நிலத்தைப் பார்த்துவிடும், பயனும் போய்விடும். கைப்பிடி இல்லாத கதிரையில் இரண்டு பாதமும் நிலத்தில் பதிய இருங்கள். ஒரு கையால் கதிரையைப் பிடித்து, மற்றக் கையைத் தூக்கிச் சாயுங்கள். இரண்டு பிட்டமும் கதிரையில் அழுந்தி இருக்க வேண்டும். முழங்காலில் பாரமே வராது. வெங்காயம் நடுவதும் புல் பிடுங்குவதும் முன்னால் குனிந்தே செய்கிற வேலைகள். உங்கள் முதுகுக்கு மற்றவர்களைவிட இது கூடுதலாகத் தேவை.

கொக்குவில், ஒரு தங்கச்சி: இடுப்புச் சதை கரையுமா?

கரையாது. ஒரு இடத்துக் கொழுப்பை மட்டும் எந்த ஆசனமும் எடுக்காது. விலாப்பக்கத் தசை உறுதியாகும், நிமிர்ந்து நிற்கப் பழகுவீர்கள்.

பருத்தித்துறை, ஒரு அண்ணை: சாயும்போது வலி காலுக்கு இறங்குகிறது. தொடரலாமா?

உடனே நிறுத்துங்கள் அண்ணை. சாய்கிற பக்கத்தில், முள்ளந்தண்டிலிருந்து நரம்பு வெளியே வரும் துவாரம் ஒடுங்கும். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் உள்ள சவ்வு விலகி இருந்தால் அங்கே நரம்பு நசிபடலாம். வைத்தியரிடம் காட்டிய பிறகு பார்ப்போம். எலும்புத் தேய்வு உள்ளவர்களும், வயிற்றில் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

நல்லூர், ஒன்றரை வயதுப் பிள்ளையின் தாய்: எனக்கு இடப்பக்கம் மட்டும் வளைய மறுக்கிறது, ஏன்?

பிள்ளையை எந்த இடுப்பில் வைக்கிறீர்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் ஒரே பக்கம்தான் இருக்கும். வளைய மறுக்கும் பக்கத்துக்கு இரண்டு மூச்சு கூட்டிச் செய்யுங்கள், பிள்ளையையும் மாற்றி மாற்றித் தூக்குங்கள்.