டெக்சாஸில் எண்ணெய்க் குத்தகைக் கடிதம் வந்தால்: கேள்வி பதில்

டெக்சாஸில் ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கிப் போட்டிருக்கும் நம்மவர்கள் பலருக்கு எண்ணெய் கம்பெனிகளின் குத்தகைக் கடிதங்கள் வருகின்றன. ஹூஸ்டனில் கம்பெனிகளுக்காகப் பத்திரம் தேடி லீஸ் பேசும் லேண்ட்மேனாக இருந்தேன். இப்போது நிலக்காரர்கள் பக்கம் நிற்கிறேன். கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் தருகிறேன்; கேட்டவர்களின் ஊர்ப் பெயர் முன்னால் இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போடும் முன் எண்ணெய், எரிவாயு லீஸ் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் காகிதத்தைக் கட்டாயம் காட்டுங்கள். வீட்டுப் பத்திரம் எழுதும் வழக்கறிஞர் இதற்குப் போதாது.

கேட்டி: அண்ணா, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து கார்ன்ஸ் கவுன்டியில் 40 ஏக்கர் வாங்கினோம். ஏக்கருக்கு இவ்வளவு போனஸ் (கையெழுத்துக்குத் தரும் முன்பணம்) என்று கடிதம் வந்திருக்கிறது. எவ்வளவு கூட்டிக் கேட்கலாம்?

அதற்கு முன்னால், கீழே இருப்பது உங்களுடையதுதானா என்று பாருங்கள் தம்பி. டெக்சாஸில் மேல்மண் ஒருவருக்கும் கீழே உள்ள கனிமம் (எண்ணெய், வாயு) இன்னொருவருக்கும் இருக்கலாம். உங்களுக்கு விற்றவரோ, அவருக்கு முன்னால் 1950-களில் விற்றவரோ, "கனிமத்தில் பாதி எனக்கே" என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அது இன்றும் செல்லும். அப்படியானால் உங்கள் 40 ஏக்கருக்குக் கீழே உங்களுக்கு இருப்பது 20 நிகர ஏக்கர்தான். போனஸ் நிகர ஏக்கருக்குத்தான் தருவார்கள்.

ஊரில் தாய்ப்பத்திரம் வரை போய் வில்லங்கம் பார்ப்போமே, அதே வேலையை இங்கே கவுன்டி கிளார்க் அலுவலகப் பதிவுகளில் செய்ய வேண்டும். டைட்டில் இன்சூரன்ஸ் (பத்திர உரிமைக்கான காப்பீடு) இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் கனிமத்தை விலக்கித்தான் அதை எழுதுவார்கள். லீஸில் "உரிமைக்கு நானே உத்தரவாதம்" என்று வாரன்டி வாசகம் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். நாளைக்கு இன்னொரு வாரிசு முளைத்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழக்கூடாது.

ஃப்ரிஸ்கோ: எங்கள் நிலத்தில் கனிமம் எங்களுக்கு இல்லையாம். கிணறு தோண்ட விடமாட்டோம் என்று சொல்ல முடியுமா சார்?

முடியாது. டெக்சாஸ் சட்டத்தில் கனிம உரிமைதான் மேலோங்கியது. அதை எடுக்கத் தேவையான அளவுக்கு மேல்மண்ணைப் பயன்படுத்தலாம். ஒரே பிடிமானம், 1971-ல் கெட்டி ஆயில் எதிர் ஜோன்ஸ் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜோன்ஸ் என்ற விவசாயியின் நகரும் தெளிப்பான், கம்பெனி நட்ட உயரமான பம்புகளைத் தாண்டிப் போக முடியவில்லை. நிலத்தில் ஏற்கெனவே ஒரு பயன்பாடு நடந்து வந்து, கம்பெனிக்கு வேறு நியாயமான வழியும் இருந்தால் அது இடம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பு வெறும் புல் முளைத்த நிலத்துக்கு உதவாது. மேல்மண் உடன்பாடு ஒன்று கேளுங்கள்: பாதை எங்கே, வேலி யார் பொறுப்பு, வேலை முடிந்ததும் மண்ணை எப்படித் திருப்பித் தருவார்கள் என்று எழுத்தில் வரட்டும். நிலத்தடி நன்னீர் பொதுவாக மேல்மண் உரிமையாளருடையது, அதற்கு விலை பேசலாம்.

ஆஸ்டின்: பக்கத்து நிலக்காரர் "பியூ கிளாஸ் இல்லாமல் கையெழுத்துப் போடாதே" என்கிறார். அது என்ன?

நல்ல பக்கத்து நிலக்காரர். லீஸ் இரண்டு கட்டமாக ஓடும். முதல் கட்டம் சாதாரணமாக மூன்று வருடம். அதற்குள் கிணறு வந்துவிட்டால், லாபம் தரும் அளவுக்கு எண்ணெயோ வாயுவோ வரும் காலமெல்லாம் லீஸ் நீளும். வில்லங்கம் அங்கேதான். உங்களிடம் 300 ஏக்கர் இருக்கிறது, அதில் 10 ஏக்கரை மட்டும் பக்கத்து நிலங்களோடு ஒரு யூனிட்டில் (கிணறு தோண்ட ஒன்றாகச் சேர்த்த நிலத் தொகுதி) சேர்க்கிறார்கள் என்று வையுங்கள். அந்த யூனிட்டில் எங்கோ ஒரு கிணறு சொட்டிக்கொண்டிருந்தாலே மீதி 290 ஏக்கரும் பழைய விலையில் அவர்கள் கையில் கிடக்கும். நீங்கள் வேறு யாருக்கும் தர முடியாது.

இதைத் தடுக்க லூசியானா வழக்கறிஞர் லாரன்ஸ் பியூ 1947-ல் எழுதிய வாசகத்துக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. யூனிட்டில் சேராத நிலம் முதல் கட்டம் முடிந்ததும் விடுபட வேண்டும் என்பது அதன் சாரம். இப்போது ஆழத்துக்கும் அதையே கேட்க வேண்டும். கிணறு எட்டிய பாறை அடுக்குக்குக் கீழே இருப்பது உங்களிடம் திரும்பட்டும். ஒரே நிலத்துக்கு அடியில் அடுக்கடுக்காக எண்ணெய் இருக்கும் மேற்கு டெக்சாஸின் பெர்மியன் பகுதியில் இது பெரிய சொத்து.

ஷுகர் லேண்ட்: எங்களுக்கும் கடிதம் வந்தது. போனஸ் எவ்வளவு கேட்கலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

மிட்லாண்ட்: நீங்கள் போனஸைக் குறைத்துப் பேசுகிறீர்கள். கிணறு வருமோ வராதோ, போனஸ்தான் கைக்கு வரும் காசு. நான் 25 சதவீத ராயல்டியும் (விற்பனையில் நிலக்காரரின் பங்கு) பேசி வாங்கிவிட்டேன். "கழிவு இல்லை" என்றும் எழுதியிருக்கிறது. இதற்கு மேல் என்ன?

பழைய வழக்கமான எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் பங்குக்குப் பேசி வந்திருக்கிறீர்கள், அது சாதாரணமில்லை. ஆனால் எதில் 25 சதவீதம்? வாயு மூன்று டாலருக்கு விற்கிறது, குழாய், அழுத்தம், சுத்திகரிப்பு என்று ஒரு டாலர் கழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி இரண்டு டாலரில் 25 சதவீதம் 50 சென்ட். கழிவே இல்லாத 20 சதவீதம் 60 சென்ட்.

மிட்லாண்ட்: அதற்குத்தானே "கழிவு இல்லை" என்று போட்டிருக்கிறது?

1996-ல் ஹெரிடேஜ் ரிசோர்சஸ் எதிர் நேஷன்ஸ்பேங்க் வழக்கிலும் அப்படித்தான் போட்டிருந்தது. ராயல்டியை "கிணற்றடி சந்தை மதிப்பில்" கணக்கிட வேண்டும் என்று மேலே ஒரு வரி, கழிவு கூடாது என்று கீழே ஒரு வரி. கிணற்றடி மதிப்பு என்றாலே அதற்கு அப்புறமான செலவு கழிந்த மதிப்புதான், ஆகவே கீழ்வரிக்கு வேலையே இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2015-ல் ஹைடர் குடும்பம் செசபீக் கம்பெனியை எதிர்த்து வென்றதற்குக் காரணம் அவர்கள் லீஸில் இருந்த வேறு வாசகம். உங்கள் லீஸை எடுத்து "கிணற்றடி" (at the well) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்பில்லாத முதல் வாங்குபவர் கொடுத்த மொத்தத் தொகையில் ராயல்டி என்று இருந்தால்தான் கழிவு இல்லை என்பதற்கு அர்த்தம்.

கேட்டி (மறுபடி): மிட்லாண்ட் நண்பர் சொல்வதும் சரிதானே அண்ணா? கிணறே வராவிட்டால் ராயல்டி பூஜ்யம்.

சுற்றிலும் கிணறே இல்லாத இடத்தில் அவர் சொல்வது சரி. அங்கே போனஸை அழுத்திக் கேளுங்கள். ஆனால் உங்கள் கார்ன்ஸ், ஈகிள் ஃபோர்ட் எண்ணெய்ப் பகுதியின் நடுமையம். ரயில்ரோடு கமிஷனின் இணைய வரைபடத்தில் பக்கத்தில் எத்தனை அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்று யாரும் பார்க்கலாம். (பெயரில்தான் ரயில், அங்கே பார்ப்பது எண்ணெயும் வாயுவும்.) பிறகு கணக்குப் போடுங்கள். 640 ஏக்கர் யூனிட்டில் உங்கள் 20 நிகர ஏக்கருக்கு 20 சதவீத ராயல்டிக்கும் 25 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.0015625 பங்கு. ஒரு கிணறு ஆயுளில் மூன்று கோடி டாலருக்கு விற்றால் அது 46,875 டாலர். போனஸில் ஏக்கருக்கு 500 கூட்டி வாங்கினால் 10,000. ஒரு யூனிட்டில் ஒரு கிணற்றோடு நிறுத்தவும் மாட்டார்கள்.

தஞ்சாவூர்: ஐயா, எங்கள் ஊரில் ஓஎன்ஜிசி கிணறு இருக்கிறது. எங்களுக்கும் ராயல்டி கேட்க முடியுமா?

இந்தியாவில் ஏற்பாடே வேறு. 1948-ம் ஆண்டு எண்ணெய் வயல் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும்தான் அங்கே குத்தகையைத் தீர்மானிக்கின்றன. நிலத்தில் கிடைக்கும் எண்ணெய்க்கான ராயல்டி மாநில அரசுக்குப் போகிறது. உங்களுக்கு வருவது மேல்மண்ணுக்கான வாடகையும் பயிர் இழப்பீடும். அடிநிலம் நில உரிமையாளருக்கே என்று 2013-ல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பலர் காட்டுவார்கள். அது மலபாரின் ஜென்ம நிலங்களை (பரம்பரை முழு உரிமை நிலங்கள்) பற்றிய வழக்கு, அதை வைத்து எண்ணெய்க்கு ராயல்டி வாங்கலாம் என்று எண்ண வேண்டாம். டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதை 2020-ம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடுக்கிறது. மேற்கொண்டு உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

சான் அன்டோனியோ: ஏக்கருக்கு நியாயமான போனஸ் எவ்வளவு என்று ஒரு தொகை சொல்லுங்களேன்.

மூன்றாவது முறை. கவுன்டி, அடுக்கு, எண்ணெய் விலை தெரியாமல் தொகை சொல்பவரை நம்பாதீர்கள்.

பேர்லாண்ட்: "புரொட்யூசர்ஸ் 88" என்று அச்சடித்த காகிதம் வந்தது. அரசாங்க ஃபார்ம், எதையும் மாற்ற முடியாது என்கிறார் லேண்ட்மேன்.

அரசாங்க ஃபார்ம் என்று ஒன்றே கிடையாது. அந்தத் தலைப்பில் எத்தனையோ வடிவங்கள் சுற்றுகின்றன, எல்லாம் கம்பெனிகளுக்குச் சாதகமாக எழுதியவை. எந்த வரியையும் மாற்றலாம். பாதகமான வரி ஒன்றைக் காட்டும்போது, போனில் "அதெல்லாம் நாங்கள் செய்யமாட்டோம், பயப்படாதீர்கள்" என்று சொன்னால், செய்யமாட்டோம் என்பதை லீஸில் எழுதச் சொல்லுங்கள்.

ரவுண்ட் ராக்: கடிதத்தோடு காசோலை மாதிரி ஒன்றும் வந்திருக்கிறது. பேங்கில் போட்டுவிடலாமா?

போடாதீர்கள்! முதலில் கூட வந்த காகிதத்தின் தலைப்பைப் படியுங்கள். லீஸ் என்று இருக்கிறதா, "மினரல் டீட்" என்று இருக்கிறதா? டீட் என்றால் குத்தகை இல்லை, விற்பனை. கையெழுத்துப் போட்டால் உங்கள் பிள்ளைகளுக்கும் ஒன்றும் மிஞ்சாது. லீஸாகவே இருந்தாலும், அந்தச் சீட்டு பெரும்பாலும் டிராஃப்ட். உங்கள் பத்திரத்தைச் சரிபார்த்த பிறகு, பெரும்பாலும் 30 வங்கி நாட்கள் கழித்து, கம்பெனி விரும்பினால்தான் பணம் வரும். அதற்குள் கம்பெனி உங்கள் லீஸைப் பதிவு செய்துவிட முடியும். பணம் கைக்கு வந்தால்தான் பதிவு என்று எழுதி வாங்குங்கள்.

வுட்லண்ட்ஸ்: கிணறு வந்துவிட்டது. டிவிஷன் ஆர்டர் (யாருக்கு எவ்வளவு பங்கு என்று காட்டும் காகிதம்) அனுப்பியிருக்கிறார்கள், போனஸ் மறுபடி உண்டா?

போனஸ் முடிந்த கதை. டிவிஷன் ஆர்டரில் உள்ள தசம எண்ணைச் சரிபாருங்கள்: நிகர ஏக்கரை யூனிட் ஏக்கரால் வகுத்து, ராயல்டியால் பெருக்கினால் அந்த எண் வர வேண்டும். லீஸை மாற்றும் வாசகம் உள்ளே இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். முதல் விற்பனை நடந்த மாதம் முடிந்து 120 நாட்களுக்குள் முதல் பணம் வர வேண்டும். வராவிட்டால் பதிவுத் தபாலில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.