தரம் 10 மாணவி ஸ்பானிய மொழியை எங்கிருந்து தொடங்கலாம்?

மட்டக்களப்பில் படிக்கும் உங்கள் மகள் கிறிஸ்தவ நோக்கோடு ஸ்பானியம் கற்க விரும்புவதாகக் கேட்டிருக்கிறீர்கள். அவளுக்கு மனப்பாடமான ‘எங்கள் பிதாவே’ ஜெபத்திலிருந்தே தொடங்கட்டும்.

உச்சரிப்பு தமிழ்ப் பிள்ளைக்குப் பெரிய பாடல்ல. உயிரொலிகள் ஐந்துதான். நமது ர, ற வேறுபாடு அங்கும் உண்டு: ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெறோ’ என்றால் நாய்.

சிக்கல் ‘இரு’ என்ற வினையில்தான் வரும். ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’, ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ இரண்டிலும் நமக்கு ஒரே வினை. ஸ்பானியத்திலோ முன்னது ‘தியோஸ் எஸ் அமோர்’. இயல்பைச் சொல்வதால் ‘எஸ்’. பின்னதில் இருப்பிடம் வருவதால் ‘எஸ்தாஸ்’. இரண்டையும் கொப்பியில் அருகருகே எழுதி, தினமும் வாய்விட்டுச் சொல்லட்டும். முதல் தவணையில் இதைவிட முக்கியமான இலக்கணம் கிடையாது என்பேன்.

ஊரில் போர்த்துக்கேயக் கிரியோல் (போர்த்துக்கேயத்திலிருந்து உருவான கலப்பு மொழி) பேசும் பறங்கி முதியவர்கள் தெரிந்தவர்களாக இருந்தால், அவளை அழைத்துச் சென்று பேசவிடுங்கள். அந்த மொழிக்கும் ஸ்பானியத்துக்கும் பொதுவான சொற்கள் ஏராளம்.

வரலாற்றை மட்டும் மறைக்காதீர்கள். ஸ்பானியம் அமெரிக்கக் கண்டத்துக்கு வாளோடு போன மொழி. பூர்வகுடிகள் பட்ட கொடுமையை அதே மொழியில் எழுதிக் கண்டித்தவர் டொமினிக்கன் சபைத் துறவி பர்த்தொலோமே தே லாஸ் காசாஸ். அவருடைய நூல் 1552இல் அச்சானது. அவரைப் பற்றி அவள் கட்டாயம் படிக்க வேண்டும்.