அலபாமா: பஸ் புறக்கணிப்பும் ஒரு வண்டுச் சிலையும்

கேள்வி: ஐயா, ரோசா பார்க்ஸ் அன்றைக்கு வேலைக் களைப்பில்தான் சீட்டை விட்டு எழவில்லையாமே?

பதில்: பள்ளிப் பாடத்தில் வரும் கதை அது. 1955 டிசம்பர் 1, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரம். பஸ்ஸில் வெள்ளையருக்குக் கறுப்பினத்தவர் இடம் விட வேண்டும் என்ற காலம். ரோசா மறுத்தார், கைதானார்; அதனால்தான் கறுப்பின மக்கள் பஸ்ஸையே புறக்கணித்தார்கள். அப்போது அவருக்கு வயது 42. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில், உள்ளூர்க் கிளையின் செயலாளராகப் பல ஆண்டு இருந்தவர். உடம்பு களைக்கவில்லை, விட்டுக்கொடுத்துத்தான் அலுத்துப்போனேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதே ஊரில் ஒன்பது மாதம் முன்பே இடம் விட மறுத்துக் கைதான கிளாடெட் கால்வினுக்கு வயது 15!

கேள்வி: ஒரு வருஷத்துக்கு மேல் பஸ் ஏறாமல் எப்படிச் சமாளித்தார்கள்?

பதில்: 381 நாள். தொடக்கம் ஒரே ராத்திரி வேலை. கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் விடிய விடிய உருட்டச்சில் ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அடித்தார். கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்டுக்கே ஆளேற்றினார்கள். குறைந்தபட்சம் 45 சென்ட் வாங்க வேண்டும் என்று நகர நிர்வாகம் மிரட்டியதும், சொந்தக் கார்களை வைத்து முறைபோட்டு ஓட்டினார்கள். சரி, பெட்ரோலுக்குப் பணம்? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரம்மா தோழிகளோடு கோழி வறுவலும் கேக்கும் விற்றுச் சேர்த்தார். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்பதுதான் பதில். குழுவின் பெயரும் அதுவே. கொடுத்தவர்களின் வேலை போய்விடக் கூடாதே! புறக்கணிப்பு தொடர்பான வழக்கில் கோர்ட்டில் சாட்சி சொன்னதற்காக ஜார்ஜியாவின் வேலை போனது. என்னைக் கேட்டால், மேடைப் பேச்சுகளைவிட அந்த அடுப்படியைத்தான் முதலில் சொல்வேன்.

கேள்வி: பஸ்ஸில் இனப் பாகுபாடு செல்லாது என்ற தீர்ப்பு ரோசா பார்க்ஸ் வழக்கில்தானே வந்தது?

பதில்: இல்லை. ஆரேலியா பிரவுடர், கால்வின் உள்ளிட்ட பெண்கள் தொடுத்த வேறொரு வழக்கு. 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது.

கேள்வி: போராட்டம் தவிர வேடிக்கையாக ஏதும் உண்டா சார்?

பதில்: அதே அலபாமாவில் என்டர்பிரைஸ் என்ற ஊருக்குப் போங்கள். பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு வெள்ளாமையை அழித்தது; விவசாயிகள் நிலக்கடலைக்கு மாறினார்கள், கையில் காசு புரண்டது. உடனே 1919-இல் வண்டுக்கு நன்றி சொல்லி நடுத்தெருவில் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதில் ஒரு பெண் சிலை இருந்தது, வண்டு மட்டும் இல்லை! 30 வருஷம் கழித்து, 1949-இல்தான் அவள் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க ஒரு வண்டைச் செய்து வைத்தார்கள். அப்புறம் அதையும் திருட ஆரம்பித்துவிட்டார்கள்.